கூண்டில் ஏறப்போகும் சர்வேயருக்கு

முதல் தடவை சாட்சிக் கூண்டில் நின்றபோது எதிர்த்தரப்பு வக்கீல் என் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அளந்த அன்றைக்கு வெயில் எப்படி?" என்றார். "நல்ல வெயில்" என்றேன். அடுத்த கேள்வி: "உங்கள் எஃகு டேப் எந்த வெப்பநிலையில் சரிபார்க்கப்பட்டது?" 20 டிகிரியில். அன்று வெயிலில் கிடந்த டேப் 40 டிகிரியைத் தொட்டிருக்கும். அந்த 20 டிகிரி வித்தியாசத்தில் எஃகு நீண்டு, 300 மீட்டர் தூரத்தைக் கிட்டத்தட்ட 7 செ.மீ. குறைத்துக் காட்டும். வழக்கே 10 செ.மீ. அகல இடத்துக்குத்தான்! திருத்தம் போட்டிருந்தேன், ஆனால் கள நோட்டில் எழுதவில்லை. போட்டேன் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்?

அதனால் முதல் வேலை நோட்டு. தேதி, நேரம், கருவி எண், உடன் இருந்தவர்கள், எந்த எல்லைக் கல்லிலிருந்து தொடங்கினீர்கள், எல்லாம் அங்கேயே, அப்போதே எழுதுங்கள். தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அழித்த தடம் ஒன்று போதும், வக்கீல் அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்துவிடுவார். தூரத்தையும் கோணத்தையும் ஒளிக்கதிர் விட்டு அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வந்தபின் டேப் கேள்வி போனது. அதன் இடத்தில் சரிபார்ப்புச் சான்றிதழும், கருவியில் போட்ட காற்று வெப்பநிலையும் அழுத்தமும் வந்து நிற்கின்றன.

உங்களைக் கூப்பிட்டவர் காட்டும் கற்களை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். பக்கத்து நிலத்தின் கற்களையும் பத்திரத்தையும் பாருங்கள். பழைய பத்திரத்தில் சங்கிலிக் கணக்கு இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். அந்தக் காலத்தில் நிலம் அளந்த கன்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். இணைப்புகள் தேயத் தேயச் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலியால் அளந்த தூரம் தாளில் குறைவாகவே பதிந்திருக்கும். இன்று நிலத்தில் கூடுதலாகத் தெரிகிற சில அங்குலம் யாரோ ஆக்கிரமித்ததாக இருக்க வேண்டியதில்லை. முதலில் நட்ட கல் அசையாமல் இருந்தால், பல நாட்டு நீதிமன்றங்கள் தாளில் உள்ள எண்ணைவிட அந்தக் கல்லைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். கல் அசைந்ததா என்பதற்கு அடிமண், பழைய வேலி, மற்ற கற்களுக்கு உள்ள தூரம் இவற்றையெல்லாம் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

அறிக்கையை நீங்களே எழுதுங்கள். வக்கீல் எழுத்துப்பிழை திருத்தட்டும். முடிவைத் திருத்த விடாதீர்கள். கட்டணம் தருபவர் ஒரு தரப்பு, நீங்கள் கடமைப்பட்டிருப்பதோ நீதிமன்றத்துக்கு. ஜெயித்தால் இவ்வளவு என்று கூலி பேசினால் உங்கள் சாட்சியம் அங்கேயே செத்தது. உங்கள் தரப்புக்குப் பாதகமான அளவு வந்தாலும் அதுவும் அறிக்கையில் இருக்கட்டும். மறைத்ததை எதிராளி எடுத்துப் போட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து விழும். மில்லிமீட்டருக்குக் கீழே எண் எழுத வேண்டாம். உங்கள் அளவையில் 2 செ.மீ. கூடக்குறைய இருக்கலாம் என்றால் 2 செ.மீ. என்றே சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு சர்வேயரைச் சந்திக்க நீதிமன்றம் சொன்னால் சந்தோஷமாகப் போங்கள். ஒத்துப்போகும் கற்களை இரண்டு பேரும் பட்டியல் போட்டால், முக்கால்வாசித் தகராறு ஒரே ஒரு கல்லில் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

குறுக்கு விசாரணையில் கேள்வி முடியும் வரை காத்திருந்து, நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது. "அப்படியானால் இந்த நிலம் என் கட்சிக்காரருடையது, சரிதானே?" என்று நைசாக ஒரு கேள்வி கட்டாயம் வரும். கோடு எங்கே போகிறது என்று சொல்லலாம். யாருக்குச் சொந்தம் என்பது நீதிபதியின் வேலை. நான் ஒருமுறை "ஆமாம்" என்று சொல்லி, அடுத்த 40 நிமிடம் அனுபவ பாத்தியதை, அதாவது நிலத்தை நெடுநாள் அனுபவித்ததால் கோரும் உரிமை, பற்றிய கேள்விகளுக்குத் திணறிக்கொண்டிருந்தேன்.