மெடூசா தேவி அல்ல: கிரேக்கத் தேவியரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'சக்தி வாய்ந்த கிரேக்கத் தேவியர்' என்று யார் பட்டியல் போட்டாலும் பாம்புக் கூந்தல் அரக்கியான மெடூசாவுக்கு அதில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அவள் தேவியே இல்லை. கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெஸியட் பாடிய தேவர் வரலாற்றில் கோர்கன்கள் எனப்படும் அரக்கச் சகோதரிகள் மூவர் வருகிறார்கள். ஸ்தெனோவுக்கும் யூரியாலேவுக்கும் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. மெடூசா மட்டும் சாகக்கூடியவள். வீரன் பெர்சியஸின் வாள் அவள் கழுத்தில் இறங்கியதே அதனால்தான்.

அறிவுக்கும் போருக்கும் தேவியான அதீனாவின் கோயிலில் கடல் தெய்வம் போசைடன் அவளைக் கெடுத்தான், அதீனாவோ பாதிக்கப்பட்டவளையே சபித்துக் கூந்தலைப் பாம்பாக்கினாள் என்ற கதைதான் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. இதைச் சொன்னவர் ஓவிட். அவர் ரோமானியர்; எழுதியது லத்தீனில், கி.பி. 8 வாக்கில். ஹெஸியடிலும் போசைடன் அவளோடு கூடுகிறான். ஆனால் இடம் வசந்த மலர் பூத்த புல்வெளி. சாபப் பேச்சே கிடையாது. எழுநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு கதைகளை ஒன்றாகக் குழைத்து 'கிரேக்கர்கள் இப்படி நம்பினார்கள்' என்று எழுதுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குத் தாய்.

மெடூசா கோயிலில் இடம்பெற்றதும் உண்டு. கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் உருட்டிய கண்ணும் பாம்புக் கச்சையுமாகச் செதுக்கப்பட்டிருந்தாள். பூசை வாங்குவதற்காக அல்ல. புது வீட்டு முகப்பில் நாம் கட்டித் தொங்கவிடும் திருஷ்டி பொம்மைக்கு என்ன வேலையோ, ஏறக்குறைய அதே வேலை.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தவறு: அதீனாவைச் சரஸ்வதி என்றும் காதல் தேவி அப்ரோடைட்டியை ரதி என்றும் ஒரே சொல்லில் முடித்துவிடுவது. புரியவைக்க எளிய வழிதான், ஆனால் ஆளே மாறிப்போகிறாள். டிராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் ஐந்தாம் பாடலில் கிரேக்க வீரன் டயோமிடீஸின் தேரில் அதீனா ஏறுகிறாள். பாரம் தாங்காமல் அச்சு முனகுகிறது. அவன் ஓங்கிய ஈட்டியைப் போர்த் தெய்வமான ஏரிஸின் அடிவயிற்றில் அவளே அழுத்திப் பாய்ச்சுகிறாள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் வீரர்கள் சேர்ந்து கத்தியதுபோல் ஏரிஸ் அலறுகிறான். இதே அதீனாதான் தறி நெய்யும் பெண்களுக்கும் தெய்வம். வீணையையும் வெள்ளைத் தாமரையையும் இதற்குள் எங்கே வைப்பது? அப்ரோடைட்டிக்கும் ஸ்பார்ட்டாவில் ஆயுதம் ஏந்திய சிலை இருந்தது. ரோமப் பெயர்களைக் கலந்தால் குழப்பம் இன்னும் கூடும். அப்ரோடைட்டியின் ரோமப் பெயரைத் தாங்கிய வீனஸ் என்னும் கோள் ரோமானியர்களுக்குப் பெண். நமக்கோ அது சுக்கிரன், தாடி வைத்த அசுர குரு.

ஹீராவைப் பொறாமைக்கார மனைவி என்று மட்டும் எழுதுவது சோம்பல். ஒலிம்பியாவில் அவள் கோயில் கி.மு. 600 வாக்கிலேயே எழுந்துவிட்டது. அவள் கணவனும் தேவர்களின் அரசனுமான ஜீயஸின் பெரிய கோயில் அங்கே வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு. இன்றும் ஒலிம்பிக் சுடரை ஏற்றுவது ஹீரா கோயிலின் இடிபாடுகளுக்கு முன்னால்தான்.

இனி 'சக்தி' என்ற சொல். யார் யாரை அடித்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது மல்யுத்தப் போட்டிக்குச் சரி. ஜீயஸ் யாரிடம் இறங்கிவந்தான் என்று பாருங்கள். ஒருமுறை உறக்கத்தின் தெய்வமான ஹிப்னாஸைக் கடலில் எறியத் துரத்துகிறான் ஜீயஸ். ஹிப்னாஸ் இரவின் தேவி நிக்ஸிடம் ஓடி ஒளிகிறான். அவள் மனம் கோணுமே என்று அஞ்சி ஜீயஸ் கோபத்தை விழுங்கிக்கொள்கிறான். நிக்ஸ் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

விளைச்சலின் தேவியான டிமீட்டரை 'மகளைத் தொலைத்து அழுத தாய்' என்று சுருக்குவது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. மகள் பெர்சிபோனியைப் பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் தூக்கிப்போனது தகப்பன் ஜீயஸின் சம்மதத்தோடு. டிமீட்டர் கிழவி உருவில் எலியூசிஸ் ஊர்க் கிணற்றடியில் வந்து உட்காருகிறாள். அரண்மனையில் கொடுத்த மதுவை மறுத்துவிட்டு, வாற்கோதுமை மாவும் புதினா வகை இலையும் நீரும் கலந்த கரைசலைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பிறகுதான் அவள் கை ஓங்குகிறது. விதைத்த விதையை மண்ணுக்குள்ளேயே அடக்கிவைக்கிறாள். மனிதர்கள் பட்டினியில் செத்தால் தேவர்களுக்குப் படையல் ஏது? ஜீயஸ் முதலில் தூது சொல்லும் தேவி ஐரிஸை அனுப்புகிறான். பிறகு ஒவ்வொரு தேவராகப் பரிசுகளோடு வருகிறார்கள். மகளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு முளைகூட விடமாட்டேன் என்கிறாள். வேறு வழியின்றித் தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் பாதாளத்துக்குப் போய்ப் பெர்சிபோனியை அழைத்துவருகிறான்.

பாதாளத்தில் மாதுளை தின்றதால்தான் பெர்சிபோனி ஆண்டுதோறும் அங்கே திரும்ப வேண்டியிருந்தது; அந்த மாதுளைக் கணக்கிலும் கவனம் தேவை. டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கத் துதியில் பெர்சிபோனி விழுங்கியது ஒரே ஒரு விதை. பாதாளத்தில் இருக்க வேண்டியது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ஏழு விதை, பாதி ஆண்டு என்ற கணக்கு மறுபடியும் ஓவிட்டுடையது.

மகள் திரும்பிய பின்னும் டிமீட்டர் தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலை ஏறவில்லை. கடைசியில் ஜீயஸ் தங்கள் இருவரையும் பெற்ற ரேயாவையே தூது அனுப்புகிறான். அம்மா வந்து சொன்ன பிறகுதான் வயலில் பச்சை தெரிந்தது.