முதல் ஆய்வுக் கட்டுரை: வடிவமைப்பதும் சான்று காட்டுவதும் எப்படி?

கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, ஒப்படைக்க ஒரே ஒரு நாள் இருக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் துணைநூற்பட்டியலில் கை வைக்கிறார்கள். அப்போது பாதிச் சான்றுகளுக்குப் பக்க எண் இருக்காது. ஒரு மேற்கோள் எந்த நூலில் இருந்தது என்றே நினைவிருக்காது. தேடித் தேடி அலுத்துப்போய், தோராயமாக ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார்கள். சான்று காட்டுவது பெரிய தொல்லை என்ற பேச்சு வருவதே இதனால்தான். படிக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று, எழுதும்போது செய்ய வேண்டியது இன்னொன்று, கடைசியில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

படி 1: எந்தப் பாணி என்று முதலில் கேளுங்கள்

சான்று காட்டும் முறையைத்தான் பாணி என்கிறார்கள். எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது. உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் பக்கம் போனால் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணி). இலக்கியம், மொழி என்றால் எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கத்தின் பாணி). வரலாற்றுத் துறையில் அடிக்குறிப்பு போடும் சிகாகோ பாணி. மின்னியல், கணினித் துறைகளில் ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் சங்கத்தின் பாணி). மருத்துவ இதழ்களில் வான்கூவர்.

பாணியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தது. எம்எல்ஏ 9ஆம் பதிப்பு 2021இல். சிகாகோ 18ஆம் பதிப்பு 2024இல். இணையத்தில் சுற்றும் மாதிரிகளில் பல, பழைய பதிப்பைப் பார்த்து எழுதியவை. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: ஏபிஏ மாதிரி ஒன்றில் பதிப்பகத்தின் பெயரோடு ஊர்ப் பெயரும் இருந்தால் அது பழசு. 7ஆம் பதிப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டார்கள். ‘ஹார்வர்டு பாணி’ என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் தேவை. அதற்குப் பொதுவான ஒரு கையேடே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கும். அவர்களுடைய மாதிரியைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி.

வழிகாட்டியோ இதழோ சொன்னது கையேட்டோடு முரண்பட்டால், அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். மதிப்பெண் போடுவது கையேடு அல்லவே.

இந்தப் பதிவில் ஏபிஏ 7ஐ அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுதான் எளிது என்பது என் எண்ணம். ஒன்றைச் சரியாகப் பழகிவிட்டால் மற்றவை இரண்டாம் முறை பார்த்த உடனே பிடிபட்டுவிடும்.

படி 2: எழுதுவதற்கு முன்பே கோப்பை அமைத்துவிடுங்கள்

வெற்றுக் கோப்பைத் திறந்ததும் இவற்றைச் செய்துவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நான்கு பக்கமும் 2.54 செ.மீ. மார்ஜின். முழுக் கட்டுரைக்கும் டபுள் ஸ்பேசிங். எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி, அல்லது கேலிப்ரி 11, அல்லது ஏரியல் 11. ஏபிஏ இவை எல்லாவற்றையும் ஏற்கிறது. பக்க எண் வலது மேல் மூலையில், முதல் பக்கத்திலிருந்தே. ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் 1.27 செ.மீ. உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். பத்திகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி கூடாது. வேர்டு தானாகவே கொஞ்சம் இடைவெளி சேர்த்துவைத்திருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள்.

தலைப்புப் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில். அதன் கீழே உங்கள் பெயர், துறையும் நிறுவனமும், பாடத்தின் பெயர், ஆசிரியர் பெயர், ஒப்படைக்கும் தேதி. எம்எல்ஏ பாணியில் தனித் தலைப்புப் பக்கமே தேவையில்லை. முதல் பக்கத்தின் இடது மேல்புறம் இந்த விவரங்களை எழுதிவிட்டு நேராகக் கட்டுரைக்குள் போய்விடலாம்.

இங்கேதான் பலரும் பின்னால் அவதிப்படும் ஒரு பழக்கம் வருகிறது. உட்தலைப்பு வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்கி, போல்டு போட்டு, நடுவில் நகர்த்திவைப்பார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வேர்டுக்கு அது தலைப்பு என்றே தெரியாது. அதற்குப் பதிலாக, ஹோம் பட்டையில் உள்ள ஸ்டைல்ஸ் பகுதியில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று இருப்பவற்றைப் பயன்படுத்துங்கள். அவற்றின் மேல் வலது கிளிக் செய்து, ‘மாடிஃபை’ கொடுத்து, ஏபிஏ கேட்கும்படி ஒரே ஒருமுறை மாற்றினால் போதும். முதல் நிலைத் தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில். இரண்டாம் நிலை இடது ஓரத்தில், தடித்த எழுத்தில். மூன்றாம் நிலை இடது ஓரத்தில், தடித்த சாய்வெழுத்தில். இப்படிச் செய்துவைத்தால் பொருளடக்கம் ஒரே கிளிக்கில் வந்துவிடும், அதை அப்டேட் செய்தால் பக்க எண்ணும் திருந்தும்.

அதேபோல் அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் புதிய பக்கம். என்டர் தட்டிப் பிரித்த பக்கங்கள், மேலே ஒரு வரி சேர்த்தாலே கலைந்துபோகும்.

சரி, ஒரு சின்ன விஷயம்: ஏபிஏ கட்டுரையின் தொடக்கத்தில் ‘முன்னுரை’ என்று தலைப்புப் போடுவதில்லை. முதலில் வருவது முன்னுரைதான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் கட்டுரைத் தலைப்பே திரும்ப வரும்.

படி 3: படிக்கும்போதே குறித்துவையுங்கள்

முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். ஒரு நூலையோ கட்டுரையையோ திறந்த உடனே நான்கு விவரங்களை எழுதிவிடுங்கள்: யார் எழுதியது, எந்த ஆண்டு, தலைப்பு என்ன, எங்கே வெளியானது. இதழ்க் கட்டுரை என்றால் தொகுதி, இதழ் எண், பக்கங்கள், டிஓஐ எண் ஆகியவையும் வேண்டும். டிஓஐ என்பது ஒரு கட்டுரைக்கு நிரந்தரமாகத் தரப்படும் அடையாள எண். எப்போதும் 10 என்று தொடங்கும். இணையதளத்தின் முகவரி மாறினாலும் அது மாறாது, எனவே டிஓஐ இருக்கும்போது வேறு இணைப்பைத் தேட வேண்டாம்.

குறிப்பு எடுக்கும்போது, நூலில் உள்ளதை அப்படியே எழுதினால் அந்த நொடியிலேயே மேற்கோள் குறி போடுங்கள், பக்க எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் வார்த்தையில் எழுதியதையும் உங்களுக்குத் தோன்றியதையும் வேறு நிறத்திலோ வேறு குறியிட்டோ வையுங்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் எது யாருடைய வரி என்று பிரிக்கவே முடியாது. வேண்டுமென்றே திருடாதவர்கள்கூடக் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டில் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்.

படி 4: எழுதும்போது உள்ளேயே சான்று காட்டுங்கள்

பிறருடைய கருத்து, கண்டுபிடிப்பு, புள்ளிவிவரம், படம், அட்டவணை என எது வந்தாலும் அந்த இடத்திலேயே சான்று வேண்டும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது போன்ற எல்லோரும் அறிந்த செய்திக்குத் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள்; கூடுதலாகச் சான்று காட்டியதற்காக யாரும் திருடன் என்று சொல்லப்போவதில்லை.

ஏபிஏ முறையில் உள்சான்று இரண்டு விதமாக வரும். ஆசிரியர் பெயர் வாக்கியத்துக்குள் வந்தால்: வாட்சன், கிரிக் (1953) இருவரும் டிஎன்ஏவுக்கு இரட்டைச் சுருள் வடிவத்தை முன்மொழிந்தார்கள். வராவிட்டால், வாக்கிய முடிவில், முற்றுப்புள்ளிக்கு முன்னால்: டிஎன்ஏவுக்கு இரட்டைச் சுருள் வடிவம் முன்மொழியப்பட்டது (வாட்சன் & கிரிக், 1953). நேரடி மேற்கோள் என்றால் பக்க எண்ணும் சேரும்: (வாட்சன் & கிரிக், 1953, ப. 737). மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் முதல் பெயரை மட்டும் எழுதி ‘மற்றும் பிறர்’ என்று முடித்துவிடலாம். ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டுக் கட்டுரைகள் இரண்டு இருந்தால் 2018அ, 2018ஆ என்று பிரியுங்கள். மேற்கோள் 40 சொற்களோ அதற்கு மேலோ போனால், மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, தனிப் பத்தியாக 1.27 செ.மீ. உள்ளே தள்ளி எழுத வேண்டும்.

எம்எல்ஏ முறையில் ஆண்டுக்குப் பதில் பக்க எண் வரும், நடுவில் காற்புள்ளியும் கிடையாது: (வாட்சன் மற்றும் கிரிக் 737). இதற்குக் காரணம் உண்டு. அறிவியலில் ஒரு செய்தி எவ்வளவு புதிது என்பதுதான் முதல் கேள்வி, அதனால் ஆண்டு முன்னால் நிற்கிறது. இலக்கியத்தில் எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே கேள்வி. ஐஇஇஇ முறையில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. முதலில் வரும் சான்றுக்கு [1], அடுத்ததற்கு [2]. அதே சான்று மறுபடி வந்தால் பழைய எண்ணே வரும்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் நூலின் வழியாகப் படித்திருக்கிறீர்கள் என்றால், மூலத்தையே படித்ததுபோல் காட்டாதீர்கள். முடிந்தவரை மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லை என்றால், மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, ‘இன்னாரின் நூலில் உள்ளபடி’ என்று எழுதுங்கள். பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும்தான் வர வேண்டும்.

படி 5: சொந்த நடையில் எழுதுவது என்றால் என்ன?

நேரடி மேற்கோளைக் குறைத்து, கருத்தைச் சொந்த நடையில் எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்றுதான் சொல்லமாட்டார்கள். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“போதிய உறக்கம் இல்லாத மாணவர்கள் புதிதாகக் கற்றதை நினைவில் வைக்கச் சிரமப்படுகிறார்கள்; ஏனெனில் உறக்கத்தின்போதுதான் நினைவுகள் உறுதிப்படுகின்றன.”

பலரும் எழுதுவது: “தேவையான தூக்கம் கிடைக்காத மாணவர்கள் புதிதாகப் படித்ததை ஞாபகத்தில் வைக்கத் திணறுகிறார்கள், காரணம், தூக்கத்தில்தான் ஞாபகங்கள் வலுப்பெறுகின்றன.” உறக்கம் தூக்கமாயிற்று, நினைவு ஞாபகமாயிற்று. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. கீழே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் போட்டிருந்தாலும் இது திருட்டுக்கணக்கில்தான் சேரும்.

இப்போது இதைப் பாருங்கள்: “தேர்வுக்கு முந்தைய இரவு விழித்துப் படிப்பது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. படித்தது மனதில் நிலைக்கும் வேலை உறங்கும் நேரத்தில் நடப்பதால், உறக்கத்தைக் குறைப்பவர் அந்த வேலைக்கான நேரத்தையே குறைத்துவிடுகிறார்.” இதன் இறுதியில் உள்சான்று வர வேண்டும், கருத்து மூலத்தினுடையது என்பதால். ஆனால் வாக்கியமும் அது போகும் திசையும் எழுதியவருடையவை. இதற்கு வழி ஒன்றுதான்: மூலத்தைப் படியுங்கள், மூடிவையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் எழுதுங்கள், பிறகு திறந்து, கருத்து பிசகவில்லையா என்று சரிபாருங்கள். மூலத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் சொற்கள்தான் மாறும்.

படி 6: பட்டியல்

கட்டுரை முடிந்ததும் புதிய பக்கத்தில், ‘துணைநூற்பட்டியல்’ என்று நடுவில் தடித்த எழுத்தில் தலைப்பு. ஆசிரியர் பெயரின் அகரவரிசை. முதல் வரி ஓரத்தில் தொடங்கி, அடுத்த வரிகள் 1.27 செ.மீ. உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இதற்கு ஹேங்கிங் இண்டென்ட் என்று பெயர். பத்தியைத் தேர்வுசெய்து கண்ட்ரோலும் T எழுத்தும் சேர்த்து அழுத்தினால் வேர்டில் வந்துவிடும். ஸ்பேஸ் தட்டித் தள்ள வேண்டாம்.

ஒரே கட்டுரை மூன்று பாணிகளில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தலைப்பை வசதிக்காகச் சுருக்கித் தமிழில் தருகிறேன்.

ஏபிஏ: வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு. *நேச்சர்*, *171*(4356), 737–738. (இதன் பின்னால் டிஓஐ இணைப்பு.)

எம்எல்ஏ: வாட்சன், ஜே. டி., மற்றும் எஃப். எச். சி. கிரிக். “நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு.” *நேச்சர்*, தொகுதி 171, எண் 4356, 25 ஏப். 1953, பக். 737–38.

ஐஇஇஇ: [1] ஜே. டி. வாட்சன் மற்றும் எஃப். எச். சி. கிரிக், “நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு,” *நேச்சர்*, தொகுதி 171, எண் 4356, பக். 737–738, ஏப். 1953.

மூன்றிலும் செய்தி ஒன்றுதான். ஆண்டு எங்கே நிற்கிறது, முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள் குறி உண்டா என்பதில்தான் வேறுபாடு. இதழின் பெயர் மூன்றிலும் சாய்வெழுத்து. கட்டுரையின் பெயர் எதிலும் சாயாது. இந்த ஒரு விதியை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். இன்னொன்று, ஏபிஏ பட்டியலில் 20 ஆசிரியர்கள் வரை எல்லோர் பெயரும் வர வேண்டும். ‘மற்றும் பிறர்’ சலுகை உள்சான்றுக்கு மட்டுமே. மின்னஞ்சல், நேர்ப்பேச்சு போல வாசகரால் தேடி எடுக்க முடியாதவற்றை உள்ளே மட்டும் குறிப்பிட்டால் போதும், பட்டியலில் சேர்ப்பதில்லை.

படி 7: மென்பொருளைப் பயன்படுத்துங்கள், நம்பிவிடாதீர்கள்

சான்றுகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ஜொட்டேரோ (Zotero) என்ற மென்பொருள் இலவசம். உலாவியில் அதன் பொத்தானைச் சேர்த்துவிட்டால், கட்டுரைப் பக்கத்தில் ஒரு கிளிக்கில் எல்லா விவரமும் சேமிக்கப்படும். வேர்டுக்குள்ளிருந்தே உள்சான்று போடலாம், பட்டியலையும் அதுவே உருவாக்கும். ஏபிஏவிலிருந்து ஐஇஇஇக்கு மாற வேண்டுமென்றால் பாணியை மாற்றினால் போதும், கட்டுரை முழுக்க மாறிவிடும். பத்துச் சான்றுகளுக்கு மேல் போகும் எந்தக் கட்டுரைக்கும் இது இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆனால் தளத்தில் தப்பாக இருந்தால் ஜொட்டேரோவும் தப்பாகவே எடுக்கும். தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் வந்திருக்கும், ஆண்டு விடுபட்டிருக்கும், நிறுவனத்தின் பெயர் மனிதர் பெயர்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். சேமித்த உடனே ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள்.

அப்புறம், செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் சான்றுப் பட்டியல் கேட்பவர்களுக்கு: அவை இல்லாத கட்டுரையை இருப்பதுபோல், உண்மையான ஆசிரியர் பெயரும் நம்பும்படியான தலைப்பும் சேர்த்துத் தருவது உண்டு. ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் தேடிப் பாருங்கள். கட்டுரை திறந்து, தலைப்பு பொருந்தி, நீங்களும் படித்த பிறகுதான் அது சான்று.

படி 8: ஒப்படைக்கும் முன்

பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரையை முதலிலிருந்து படித்துவாருங்கள். உள்சான்று ஒன்றைக் கண்டதும் பட்டியலில் அதற்கு டிக் போடுங்கள். முடிவில் டிக் விழாத பெயர் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள். உள்ளே இருந்து பட்டியலில் இல்லாதது இருந்தால் சேருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டும் ஆண்டும் இரண்டு இடத்திலும் ஒன்றா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு பிடிஎஃப் ஆக மாற்றி, அந்தப் பிடிஎஃப்பையே திறந்து கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பாருங்கள். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் பத்தி அடுத்த பக்கத்திலும் பிரிந்து நிற்பது அங்கேதான் தெரியும்.