பாட்டில் மேல் பென்சிலால் எழுதுங்கள்

கடலூர் சிப்காட் பகுதியில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, ஈதர் என்ற கரைப்பான் பாட்டில் ஒன்றின் லேபிளில் 'திறந்த நாள்' என்ற இடத்தில் நீலக் கறை மட்டும் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதை, வழிந்த கரைப்பான் துடைத்துவிட்டது. பென்சில் எழுத்தை அசிட்டோனோ ஆல்கஹாலோ கரைக்காது. எழுதிய பிறகு மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்துக்கும் தாங்கும்.

ஈதருக்கு ஏன் இத்தனை கவனம்? காற்றுப் பட்டால் அதில் மெல்ல பெராக்சைடு உருவாகும், அது வெடிக்கக்கூடியது. ஆகவே வாங்கிய நாள், திறந்த நாள், கடைசியாகப் பெராக்சைடு சோதனை செய்த நாள் மூன்றும் பாட்டிலிலும் வேண்டும், பதிவேட்டிலும் வேண்டும். மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் திறக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு ரசாயனத்தின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள்களை அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. தணிக்கைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு நகலை அறைக்கு வெளியே, கதவருகே தொங்கவிடுங்கள்; புகை சூழ்ந்த அறைக்குள் போய் யார் கோப்பு தேடுவது? தாளில் 16 பகுதிகள் இருக்கும். முதலுதவி சொல்லும் 4ஆம் பகுதிக்கும், சிந்தினால் செய்ய வேண்டியதைச் சொல்லும் 6ஆம் பகுதிக்கும் வண்ணத் துண்டு ஒட்டி வையுங்கள்.

பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாமல், ஒற்றைக் கோடு போட்டு அருகில் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். பதிவேட்டுக்கு மட்டும் பேனாதான்.