ஹாப்ஸை எப்போது போடுவது? பீரின் கசப்பும் வாசனையும்

புதிதாக பீர் காய்ச்சுகிறவர்கள் எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். எப்போது போடுவது என்று கேட்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் ஒரே பாக்கெட்டை முதலில் போட்டால் கசப்பாகவும் கடைசியில் போட்டால் வாசனையாகவும் வெளிவரும்.

ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் அப்படியே வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றில்) சரியாகக் கரையாது. நன்றாகக் கொதிக்கும்போதுதான் அதன் அமைப்பு மாறி, கரைந்து, கசப்பாகிறது. அதற்கு நேரம் வேண்டும். வாசனை தருகிற எண்ணெய்களோ ஆவியோடு பறந்துவிடும். காய்ச்சும்போது அறை முழுக்க கமகமவென்று மணக்கிறதே, அது அத்தனையும் பீரை விட்டுப் போகிற வாசனை!

சரி, 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை) காய்ச்சுவோம். குறிப்பில் '60 நிமிடம்' என்று இருந்தால் அடுப்பை அணைக்க 60 நிமிடம் இருக்கும்போது போட வேண்டும் என்று அர்த்தம். எல்லா நேரமும் இப்படிப் பின்னோக்கித்தான்.

60 நிமிடத்தில், 12% ஆல்ஃபா அமிலம் உள்ள மேக்னம் வகை ஹாப்ஸ் 20 கிராம். சிறிது சிறிதாகப் போடுங்கள், நுரை சட்டென்று பொங்கும். கணக்கு எளிது: 20 கிராமில் 12% என்றால் 2400 மில்லிகிராம் அமிலம், ஒரு மணி நேரக் கொதியில் அதில் கிட்டத்தட்ட 23% கசப்பாக மாறும், அதை 20 லிட்டருக்கு வகுத்தால் 28 ஐபியு (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கசப்பு அளவு) போல வரும். 15 நிமிடம் மட்டும் கொதித்தால் அதில் பாதிதான் கிடைக்கும். 3.5% ஆல்ஃபா உள்ள சாஸ் (Saaz) வகை ஹாப்ஸில் இதே கசப்பு வேண்டுமென்றால் 70 கிராம் ஆகும். வாசனைக்கான சிட்ரா வகையை இந்த இடத்தில் போடாதீர்கள், அதன் மணம் முழுக்க வீண்.

10 நிமிடத்தில் கேஸ்கேட் வகை ஹாப்ஸ் 25 கிராம். இதில் சுவையும் வரும், 6 ஐபியு போல கசப்பும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுப்பை அணைத்து, வோர்ட் 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் இன்னொரு 40 கிராம் கேஸ்கேட், 20 நிமிடம் ஊறட்டும். அந்தச் சூட்டில் கசப்பு மெதுவாகத்தான் ஏறும், எண்ணெய்களும் அவ்வளவாகப் பறக்காது. என்னைக் கேட்டால் வாசனைக்கு இதுதான் மிக நல்ல கட்டம்.

அப்புறம் டிரை ஹாப்பிங், அதாவது கொதிக்க வைக்காமல் பீரிலேயே ஹாப்ஸை ஊறவிடுவது. நொதித்தல் ஏறக்குறைய முடிந்ததும் 60 கிராம் போட்டு மூன்று நாள் விடுங்கள். அதற்கு மேல் ஊறவிட்டால் புல் வாடை வரலாம். மூடியைச் சட்டென்று திறந்து மூடுங்கள், இந்தக் கட்டத்தில் காற்று புகுந்தால் வாசனை கெடும்.

போடும் முன் ஒரு பெல்லட்டை (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு துண்டு) உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பச்சை நிறத்தில், பிசுபிசுவென்று, கேஸ்கேட் என்றால் கிரேப்ஃப்ரூட் மணத்தோடு இருக்க வேண்டும். பழுப்பேறி, சீஸ் வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள், தயங்கவே வேண்டாம். மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

பீர் தயாரானதும் சீக்கிரம் குடித்துவிடுங்கள். நாளாக ஆக ஹாப்ஸ் வாசனைதான் முதலில் மங்கும்.