தெருவோர ஆர்.வி.யும் என் சாம்பார் சாதமும்: உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் எங்கள் குடியிருப்பின் பின்தெருவில் பழைய ஆர்.வி. (உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள பெரிய வண்டி) ஒன்று நின்றுகொண்டிருந்தது; வீடில்லாத ஒருவர் அதில்தான் வாழ்ந்துவந்தார். ஒரு பொங்கல் விழா முடிந்த இரவு, மிஞ்சிய சாம்பார் சாதத்தைப் பெரிய அலுமினியத் தட்டில் அள்ளிக்கொண்டு போய் அதன் கதவைத் தட்டினேன். மணி பத்தரை இருக்கும். உள்ளே எரிந்த விளக்கு சட்டென்று அணைந்தது. கதவு திறக்கவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு, புண்ணியம் சேர்ந்த திருப்தியோடு வந்து படுத்துவிட்டேன்.

ராத்திரி ரக்கூன்களுக்கு விருந்து. விடிந்து பார்த்தால் தெரு முழுக்கச் சோறு. அதை யாரோ படம் பிடித்து அக்கம்பக்கத்துக் குழுவில் போட்டு, ‘இவர்களால் தெருவே நாறுகிறது’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நாளில் அந்த ஆர்.வி. அங்கே இல்லை. குப்பை என்னுடையது, பழி அவர் தலையில்.

அதற்கப்புறம்தான் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூகுள் தலைமையகம் இருக்கும் ஊர் இது. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கே மாத வாடகை 2,500 டாலரைத் தாண்டும். ரெங்ஸ்டார்ஃப் பூங்காவை ஒட்டிய கிரிசான்டோ அவென்யூவில் பல ஆண்டுகள் ஆர்.வி.க்கள் வரிசை கட்டி நின்றிருக்கின்றன. பக்கத்துப் பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓரமாக எல் கமினோ ரியலிலும் அதே காட்சிதான் இருந்தது. உள்ளே இருப்பவர்களில் சமையல்காரர், செக்யூரிட்டி, கட்டட வேலைக்காரர், கல்லூரி மாணவர் எல்லாரும் உண்டு. 2024 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். காரில் தூங்குபவரை அந்தக் கணக்கு தெருவில் படுத்திருப்பவரோடு ஒரே பிரிவில்தான் சேர்க்கிறது. ஆனால் காரில் இருப்பவர் தன்னை அப்படி நினைப்பதில்லை. எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அது அவருக்கு இருக்கிறது. பூட்டக்கூடிய ஒரு கதவு இருக்கிறது. அதை ஒரு வீடாக நாம் பார்த்துவிட்டால் இனி சொல்லப்போகும் தவறுகளில் பாதி தானாகவே நின்றுவிடும்.

கதவைத் தட்டுவது

தெரியாத ஒருவர் இரவு பத்தரைக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் நீங்கள் திறப்பீர்களா? வண்டியில் இருப்பவருக்கு அந்த நேரத்துத் தட்டலுக்கு அர்த்தம் இரண்டே இரண்டு: ஒன்று போலீஸ், இல்லை வம்பு. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அது அவருடைய படுக்கையறை ஜன்னல்.

சீட்டு எழுதி வைப்பரில் செருகலாமே என்று எனக்கும் தோன்றியது. அபராதச் சீட்டும் அங்கேதான் வரும், ‘இங்கிருந்து ஓடிப் போ’ என்று மிரட்டும் சீட்டும் அங்கேதான் வரும். அதைப் பார்த்ததுமே அவருக்கு வயிறு கலங்கிவிடும். பகல் வெளிச்சத்தில், அவர் வெளியே நிற்கும்போது, நாலடி தள்ளி நின்று ஒரு ஹலோ சொல்லுங்கள். கதவை மறித்து நிற்காதீர்கள். பதில் வரவில்லையா, சரி, நடையைக் கட்டுங்கள். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ பதில் வரும். எங்கள் பக்கத்தில் ஸ்பானிஷ் மட்டும் பேசுபவர்களும் நிறைய இருக்கிறார்கள், ஒரு ‘புவெனோஸ் தியாஸ்’ கற்றுக்கொள்வதில் நஷ்டமில்லை.

‘ஒரு போன் போட்டால் யாராவது வந்து பார்ப்பார்கள்’ என்பது

இதுதான் பெரிய தவறு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மில் பலர் கெட்ட எண்ணத்தோடு புகார் செய்வதில்லை. பாவம், நகராட்சிக்குச் சொன்னால் ஏதாவது ஏற்பாடு செய்வார்களே என்றுதான் நினைக்கிறோம். கைவிடப்பட்ட வண்டி என்று புகார் போனால் அங்கே வருவது பெரும்பாலும் சமூகப் பணியாளர் அல்ல, வண்டியில் நோட்டீஸ் ஒட்டும் ஆள்.

கலிஃபோர்னியாவில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியை இழுத்துக்கொண்டு போக நகரங்கள் விதி வைத்துக்கொள்ளலாம். ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகி ஆறு மாதம் தாண்டினாலும் இழுத்துப் போகலாம், இதைத்தான் டோ என்பார்கள். பழைய வண்டி பல நேரம் ஸ்மாக் டெஸ்டில், அதாவது புகைப் பரிசோதனையில், தேறாது. தேறாவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்காமல் ஓட்டினால் அபராதம், அபராதத்துக்குத் தாமதக் கட்டணம். கழுத்தில் சுருக்கு இறுகுவது இப்படித்தான். இழுத்துப் போன வண்டியை மீட்க டோ கட்டணம் தனி, யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை தனி. கட்ட முடியாவிட்டால் ஏலம். வண்டியோடு மருந்து, அடையாள அட்டை, வேலைக் கருவிகள், குழந்தையின் பள்ளிப் புத்தகம் எல்லாம் போகும். நேற்று வரை வண்டியில் இருந்தவர் இன்று நடைபாதையில் இருப்பார்.

சியாட்டிலில் 2016இல் இது நடந்தது. கட்டட வேலை செய்யும் ஒருவர் தன் டிரக்கிலேயே வாழ்ந்துவந்தார். 72 மணி நேர விதியைக் காட்டி அதை இழுத்துப் போனார்கள். அவருடைய கருவிகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் வாழும் டிரக் சட்டப்படி அவருடைய வீடு, அதை மீட்க அவர்மேல் சுமத்திய தொகை அவர் நிலைமைக்கு மிஞ்சிய அபராதம் என்று 2021இல் தீர்ப்பு வந்தது. சான் பிரான்சிஸ்கோ வழக்கொன்றில் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒழுங்காக நிறுத்தப்பட்டிருக்கும் வண்டியைப் பழைய அபராதப் பாக்கிக்காக மட்டும் வாரண்ட் இல்லாமல் இழுக்கக் கூடாது என்றது. இதையெல்லாம் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். பொது இடத்தில் படுப்பதற்கு நகரங்கள் தண்டனை விதிப்பதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மவுன்டன் வியூ வாக்காளர்களும் 2020இல் குறுகலான தெருக்களில் பெரிய வண்டி நிறுத்தத் தடையை ஆதரித்தார்கள். ஆர்.வி.யில் இருந்தவர்கள் பலர் வேறு தெரு தேட வேண்டிவந்ததில் எங்கள் ஊர்க்காரர்களின் ஓட்டும் இருக்கிறது.

அப்படியானால் போனே போடக் கூடாதா? தீப்பிடித்தால், யாராவது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், அடிதடி என்றால் யோசிக்காமல் 911. மற்றதற்கு 211. வீடு, உணவு, சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று சொல்லும் எண் அது. அதையும் அவர் சம்மதத்தோடு செய்வதே முறை. முடிந்தால் அவரையே பேசவிட்டு நம் போனை நீட்டினால் போதும்.

படம் எடுத்துப் போடுவது

கோபத்தில் போட்டாலும் இரக்கத்தில் போட்டாலும் ஆபத்து ஒன்றுதான். வீட்டில் அடி தாங்காமல் இரவோடு இரவாகக் கிளம்பி வந்த பெண்கள் காரில் தங்குவது உண்டு. நம்பர் பிளேட்டும் தெருப் பெயரும் தெரியும் ஒரே படம் போதும், தேடிக்கொண்டிருப்பவன் வந்துவிடுவான். ‘இவருக்கு உதவுங்கள்’ என்று நல்லெண்ணத்தோடு போட்ட படமும் அவனுக்கு அதே வேலையைத்தான் செய்யும். முகம், பிளேட், தெரு மூன்றும் வேண்டாம்.

நமக்குத் தோன்றியதைக் கொடுப்பது

என் சாம்பார் சாதம் இந்தக் கணக்கு. காரில் ஃபிரிட்ஜ் கிடையாது. மிச்சமான தட்டுச் சோறு மறுநாள் கெட்டுவிடும், வயிற்றைக் கெடுத்தால் கழிப்பறைக்கு எங்கே போவார்? பூங்காக் கழிப்பறைகள் இரவில் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும். பச்சரிசி, பருப்பு மூட்டையும் அடுப்பில்லாதவருக்குப் பயன்படாது. ஒரு வேளையில் தீரும் அளவு, கத்தியும் கேன் ஓப்பனரும் தேடாமல் திறக்கும் பொட்டலம், குடிதண்ணீர், இவை போதும். வெயில் காலத்தில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய 20 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகச் சூடு ஏறிவிடும் என்பதால், சாக்லேட் பட்டையைக் கொடுத்தால் கரைந்த குழம்புதான் மிஞ்சும்.

குளிர்காலத்தில் இதைவிடப் பெரிய தவறு காத்திருக்கிறது. கேம்பிங் அடுப்பு, புரோபேன் ஹீட்டர், கரி என்று ஏதாவது ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மூடிய வண்டிக்குள் அவை எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொடுப்பதானால் நல்ல ஸ்லீப்பிங் பேக் கொடுங்கள், கூடவே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. அலாரம் வாங்கிக் கொடுக்கும் யோசனை பரிசுப்பொருள் மாதிரித் தெரியாதுதான், ஆனால் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அது என்று நினைக்கிறேன்.

உண்மையில் பலர் கேட்பது சாப்பாடே இல்லை. துணி துவைக்கக் காசு, குளிக்க இடம், போனுக்கு சார்ஜ், பெட்ரோல் போட கார்டு, கடிதம் வந்துசேர ஒரு முகவரி, பஞ்சரான டயர். ஸ்மாக் டெஸ்டில் தோற்ற வண்டியின் பழுதுபார்ப்புக்குக் குறைந்த வருமானக்காரருக்கு உதவும் மாநிலத் திட்டம் ஒன்று கலிஃபோர்னியாவில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி அச்சடித்துக் கொடுப்பது பத்துத் தட்டு பிரியாணிக்குச் சமம். நம் ஆட்கள் படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரர்கள், விசாப் படிவங்கள் பழக்கிய கை.

இன்னொன்று. ‘உதவுகிறேன்’ என்று கூப்பிட்டு வீட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்யவைத்து, ஊர்க் கூலியில் பாதியைக் கையில் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு வேறு பெயர்.

‘ஷெல்ட்டர் இருக்கிறதே, ஏன் போகக் கூடாது?’

கேட்க நியாயமாக இருக்கும். ஷெல்ட்டர் என்பது வீடற்றோருக்கான தங்கும் விடுதி. பல ஷெல்ட்டர்களில் நாயைச் சேர்க்க மாட்டார்கள், கணவன் மனைவியைப் பிரித்துப் படுக்க வைப்பார்கள், மாலையில் இத்தனை மணிக்குள் வந்தாக வேண்டும். இரவுப் பணி பார்க்கும் செக்யூரிட்டி என்ன செய்வார்? வண்டியை எங்கே விடுவார்? சில வாரப் படுக்கைக்காக, கையில் இருக்கும் ஒரே சொத்தை விட மனம் வராது. இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தையைப் பார்த்ததும் பதறுவது

காரில் குழந்தை தூங்குவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. உடனே குழந்தைகள் நலத் துறைக்குப் போன் செய்யக் கை துடிக்கும். குழந்தை அடிபட்டிருக்கிறது, ஆபத்தில் இருக்கிறது என்றால் செய்யத்தான் வேண்டும். ஆனால் குடும்பத்துக்கு வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் புறக்கணிக்கப்பட்ட பிள்ளை என்று தீர்மானிக்க கலிஃபோர்னியச் சட்டம் இடம்தரவில்லை. அந்தப் பெற்றோரின் முதல் பயமே பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களோ என்பதுதான். அந்தப் பயத்தில்தான் பலர் எந்த உதவியையும் கேட்காமல் ஒளிந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு. 1987இல் வந்த மெக்கின்னி–வென்டோ சட்டப்படி காரில் வாழும் பிள்ளையைப் பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். முகவரிச் சான்று இல்லை, பழைய பள்ளியின் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பழைய பள்ளியிலேயே தொடர விரும்பினால் போக்குவரத்துக்கும் வழி செய்ய வேண்டும். இதைக் கவனிக்க ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு அலுவலர் உண்டு. நம் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்த அலுவலர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ள ஒரு மின்னஞ்சல் போதும்.

‘எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்திக்கொள்ளுங்கள்’

பெரிய மனசு. ஆனால் நகர விதியைப் பார்க்காமல் சொன்னால், வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கும். பல ஊர்களில் டிரைவ்வேயில், அதாவது வீட்டு முன் வண்டி நிறுத்தும் இடத்தில், நிற்கும் ஆர்.வி.யில் தங்கத் தடை உண்டு, குடியிருப்போர் சங்க விதிகள் வேறு. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

இதற்கென்றே உருவானது சேஃப் பார்க்கிங் ஏற்பாடு. தெற்கே சான்டா பார்பராவில் 2004இல் தொடங்கியது. பகலில் அலுவலகத்துக்கும் தேவாலயத்துக்கும் பயன்படும் வாகன நிறுத்துமிடங்களில், இரவில் சில வண்டிகளுக்கு மட்டும் அனுமதி; விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். கழிப்பறை இருக்கும், வீடு தேட உதவும் பணியாளர் வருவார், டோ வண்டி வராது. மவுன்டன் வியூவிலும் பாலோ ஆல்டோவிலும் இப்போது சேஃப் பார்க்கிங் இடங்கள் உண்டு. வழிபாட்டு இடங்கள் நான்கு வண்டிகள் வரை அனுமதிக்கலாம் என்று பாலோ ஆல்டோ 2020இல் விதி கொண்டுவந்தது. நான்கு வண்டிக்குக்கூட எதிர்ப்பு வந்தது. எதிர்ப்பவர்கள் நகரமன்றக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார்கள். ஆதரிப்பவர்கள் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பொதுக் கருத்துக்கு ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். குடியுரிமை எல்லாம் கேட்பதில்லை. நான் ஒருமுறை போய்ப் பேசினேன், குரல் நடுங்கியது, ஒன்றும் ஆகிவிடவில்லை.

எங்கள் பின்தெருவில் இப்போது வேறொரு வண்டி நிற்கிறது, வெள்ளை வேன். இந்த முறை ஹலோவோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்தாறு வாரம் கழித்து அதில் இருப்பவர் அவராகவே வந்து, என் கார் பேட்டரியிலிருந்து அவர் வேனை ஸ்டார்ட் செய்ய ஜம்பர் கேபிள் இருக்கிறதா என்று கேட்டார். பேட்டரி வீக், மூன்று நாளைக்கொருமுறை வண்டியை நகர்த்தியாக வேண்டும், ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஆரஞ்சு நோட்டீஸ்தான். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் காய்கறி வாங்கப் போகும் வழியில் என் காரை அவர் வேனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் வானிலை பற்றிப் பேசுவோம். அவர் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை. என் பெயரைக் கேட்டார், சொன்னேன், அவருக்கு வாயில் நுழையவில்லை.