எதிர்வீடும் அண்ணன் வீடும்: வரிக் கணக்கு போடுவது எப்படி

எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என் பொறுப்பு. ஒருநாள் டீக்கடையில் ஒருவர், "நாங்க கட்டுற வரியில இவங்களுக்கு மாசம் ஆயிரமா?" என்றது எதிர்வீட்டு அக்கா காதில் விழுந்துவிட்டது. சரி, யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று எழுதித்தான் பார்ப்போமே என்று, அவர் வீட்டுக்கும் திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கும் 2025 நவம்பர் முழுக்கக் கணக்கு எழுதினேன். தீபாவளி மாதத்தை எடுக்காதீர்கள், ஜவுளிச் செலவு கணக்கைக் கெடுத்துவிடும்.

அக்கா வீட்டில் மில் சம்பளம் 14,000. அண்ணனும் அண்ணியும் சேர்ந்து 90,000. வருமான வரி ரெண்டு வீட்டுக்கும் பூஜ்யம். புதிய முறையில் ஒருவருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் வரை கட்ட வேண்டியதில்லை. மிச்ச வரியெல்லாம் வாங்கும் பொருளுக்குள் இருக்கிறது.

அதைப் பிரிப்பதில்தான் நான் முதலில் சறுக்கினேன். 299 ரூபாய் போன் ரீசார்ஜில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 53.82 எழுதிவிட்டேன். தப்பு. விலையில் வரி ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும்: 45.61. ரெண்டு போனுக்கு 91. எண்ணெய், குளியல் சோப்பு, பிஸ்கட் என்று 5 சதவீதச் சாமான் 6,000-க்கு 286 (சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம்). பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும்தான். லிட்டருக்கு 40 என்று 4 லிட்டருக்கு 160. அப்புறம் அவர் வீட்டுக்காரரின் நாலு குவார்ட்டர். அதை எழுத வேண்டாம் என்றார் அக்கா. நான் விடவில்லை. 600 ரூபாயில் பாதி வரி என்று குறைத்தே போட்டேன்.

மொத்தம் 837, சம்பளத்தில் 6 சதவீதம். அண்ணன் வீட்டில் 3,600. தொகை பெரிதுதான், ஆனால் அவர்கள் வருமானத்தில் 4 சதவீதம்.

அடுத்து, அரசிடமிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தது. ரேஷன் அரிசிக்குப் பொன்னி விலை போடாதீர்கள்; கிலோ 30 என்று 20 கிலோவுக்கு 600. பருப்பும் பாமாயிலும் மிச்சப்படுத்தியது 200. பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ்ஸில் மிச்சமான டிக்கெட் 480. டீக்கடையில் பேசிய அந்த மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 2,280. அண்ணிக்கு உரிமைத் தொகை இல்லை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது; ஸ்கூட்டரில் போவதால் பஸ்ஸும் இல்லை. ரேஷனும் அவர்கள் வாங்குவதில்லை.

இப்போது பெரிய வருமானத்தைச் சின்னதால் வகுங்கள். முதலில் 6.4 மடங்கு. வரியை மட்டும் கழித்தால் 6.6, இடைவெளி கூடிவிட்டது! வந்ததையும் சேர்த்தால் 5.6. இந்த மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் வரி செய்த வேலை தெரியாது.

பள்ளியில் பையன் சாப்பிடும் காலை உணவை நான் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு தட்டு உப்புமாவுக்கு அக்கா 10 ரூபாய் போடச் சொல்கிறார், நான் 20 என்கிறேன்.