ஊர் ஏரிக்கு நிதி கேட்கப் போகிறீர்களா? முதலில் புல எண்ணைத் தேடுங்கள்

ஏரியைச் சுத்தம் செய்து, கரையில் நடைபாதை போட்டு, சாயங்காலம் பிள்ளைகள் ஓடியாடவும் பெரியவர்கள் காற்று வாங்கவும் ஓர் இடம் உண்டாக்கிவிட வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள் நிறைய ஊர்களில் இருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "பணத்துக்கு யாரைப் பார்க்கணும்?" என்றுதான். அதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் யாருடையது, வேலை முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் பணம் கேட்பது பாதி சுலபமாகிவிடும்.

வி.ஏ.ஓ.விடம் போய் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யார் பெயரில், என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) எஃப்எம்பி வரைபடத்தையும் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் படம்) பாருங்கள். ஏரி ஒரு புல எண்ணிலும் (சர்வே நம்பர்) வரத்து வாய்க்கால் வேறு புல எண்களிலும் இருக்கும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் போனால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம், அனுமதியை அங்கிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். "பண்ணிக்கோங்க தம்பி, நல்ல காரியம்தானே" என்று வாயால் சொன்னதை நம்பி பொக்லைனை இறக்கிவிடாதீர்கள்.

வரத்து வாய்க்காலை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் பட்டிருக்கிறோம். முதல் முறை கிடைத்த பணம் முழுவதையும் தூர்வாருவதற்கே செலவழித்தோம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. மேலே நடந்துபோய்ப் பார்த்தால் வாய்க்கால் நெடுக சீமைக் கருவேலம், அப்புறம் ஒரு இடத்தில் யாரோ மண்ணைக் கொட்டி வண்டிப்பாதை ஆக்கியிருந்தார்கள். அதனால் விண்ணப்பத்தில் வாய்க்கால் முதல் வரியில் இருக்கட்டும், பிறகு மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்), கரை, தூர்வாருதல், கடைசியில் நடைபாதை. நடைபாதைக்கும் சிமென்ட் கல் வேண்டாம் என்பது என் கருத்து. கரையில் உடைப்பு எடுத்தால் மண் அடிக்க வண்டி ஏற வேண்டும், கிராவல் போட்டு இறுக்கினாலே நடப்பதற்குப் போதும்.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் ஏரி விஷயத்தைப் பேச அதைவிட நல்ல நாள் இல்லை. தீர்மானத்தின் நகல் கையில் இருந்தால், நாளைக்கு யாராவது "உங்களை யார் கேட்டது?" என்று வந்தால்கூடக் காட்டலாம்.

சரி, இப்போது பணம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடுகிற நிறுவனம், முந்தைய 3 வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். சுற்றுச்சூழலும் இயற்கை வளப் பாதுகாப்பும் சட்டம் அனுமதிக்கும் பணிகளின் பட்டியலில் இருக்கின்றன, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற தொழிற்சாலையில் தொடங்குங்கள். எந்த நிறுவனம் எந்த மாநிலத்தில் எதற்கு எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு அரசின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

புதிய குழுவுக்கு நேரடியாகப் பணம் கிடைப்பது கடினம். சிஎஸ்ஆர்-1 பதிவு (சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புக்கான அரசுப் பதிவு), 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், மூன்று வருட முன் அனுபவம் எல்லாம் கேட்பார்கள். ஏற்கெனவே இவை உள்ள ஒரு நல்ல அறக்கட்டளையோடு சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் யார் என்ன வேலை, யார் கையெழுத்தில் பணம் போகும் என்பதைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகு. பிப்ரவரியில் போய் நின்றால் மார்ச்சுக்குள் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போங்கள்.

இன்னொரு வழி, நமக்கு நாமே திட்டம். வேலைச் செலவில் ஊர் தன் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். அந்தப் பங்கைத் தனியார் நிறுவனமும் கட்டலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கம்பெனி தருகிற ஒரு லட்சம் மூன்று லட்சம் ரூபாய் வேலையாகிறது.

இனி, எல்லோரும் எழுத மறக்கிற பராமரிப்பு. கரையில் நடும் மரக்கன்றுகளையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கன்றின் விலை ஒன்றுமே இல்லை. குழி எடுக்கும் கூலி, ஆடு கடிக்காமல் இருக்க முள்வேலியோ கூண்டோ, இரண்டு கோடைக்குத் தண்ணீர், செத்த கன்றுக்கு மாற்று, இதுதான் செலவு. தண்ணீர் ஊற்ற ஊருக்குள்ளிருந்தே ஓர் ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்து அந்தத் தொகையைத் திட்ட மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். "இதுக்கெல்லாம் தர மாட்டாங்க" என்று நீங்களாக அடித்துவிடாதீர்கள். தொடர் திட்டம் என்று ஒப்புக்கொண்டால், தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று நிதியாண்டுகள் வரை செலவு செய்ய விதியில் இடம் இருக்கிறது. கேட்டால்தானே கிடைக்கும். கரையின் வெளிச்சரிவுக்குப் பனை விதை போதும், அதற்கு இந்தச் செலவுகூட இல்லை.

கடைசியாக, மதகுச் சுவரில் பெயின்டால் ஒரு குறி போட்டு, அங்கேயே நின்று மாதம் ஒரு படம் எடுங்கள். வேலைக்கு முந்தைய மாதத்திலிருந்தே எடுக்க வேண்டும், பிறகு அந்தப் படம் கிடைக்காது. பில், வருகைப் பதிவு, பயன்பாட்டுச் சான்று (பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்ற சான்று) எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அதன் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது வருடம் பணம் கேட்கப் போகும்போது மேஜையில் முதலில் வைக்க வேண்டியது அந்தப் படங்களைத்தான்.